இணையப் பாடத்தில் கற்பவரே வழி தேரும் மெனு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிசியஸில் தமிழ்ப் பாடங்களை இணையத்தில் ஏற்றும் ஆசிரியர்களும், கோயில் வகுப்பு, மாலை வகுப்பு நடத்துபவர்களும் மெனு அமைப்பது பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். விளக்கத்துக்காக ஒரே மாதிரிப் பாடத்தைக் கையாள்கிறோம். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்தவர்களுக்கான தொடக்கத் தமிழ் அது. அதில் ஆறு அலகுகள்: எழுத்து, நலம் விசாரிப்பது, உறவுமுறை, கோயிலில் கேட்கும் சொற்கள், சந்தையில் விலை கேட்பது, தேதியும் திருநாளும்.

‘அடுத்து’ பட்டன் இருக்கும்போது தனியாக மெனு எதற்கு?

‘அடுத்து’ பட்டன் மட்டுமே உள்ள பாடத்தில் வரிசையை ஆசிரியர்தான் முடிவு செய்கிறார். தைப்பூசக் காவடிக்கு முன்னால் கோயில் சொற்கள் பத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று வந்தவரும் அ, ஆ, இ, ஈ எல்லாவற்றையும் கடந்துதான் அங்கே போக முடியும். பெரும்பாலும் போகமாட்டார், பாதியிலேயே மூடிவிடுவார். கற்பவரே வழி தேரும் மெனுவில் எல்லா அலகுகளும் முதல் திரையிலேயே தெரியும். எதிலிருந்தும் தொடங்கலாம், நடுவில் விடலாம், முடித்ததை மறுபடி திறக்கலாம்.

வெறும் தலைப்புப் பட்டியல் இதற்குப் போதாது. ஓர் அலகைத் திறப்பதற்கு முன்பே மெனு நான்கு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். இதை முடித்தால் எனக்கு என்ன செய்ய வரும்? எவ்வளவு நேரம் ஆகும்? முன்கூட்டி ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா? ஏற்கெனவே இதை முடித்துவிட்டேனா? தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, தேர்ந்தெடுக்கத் தேவையான தகவலைக் கொடுக்காமல் விட்டால் கற்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொடுவார்.

எல்லாவற்றையும் திறந்து வைத்தால் புதியவர் தடுமாற மாட்டாரா?

தடுமாறுவார். முன்னறிவு குறைந்தவருக்கு முழுச் சுதந்திரம் அதிகம் உதவாது என்பது கல்வி ஆய்வில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. தனக்கு எது தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே எளிதாகத் தோன்றுவதைத் திறப்பார், கடினமானதைத் தள்ளிப் போடுவார். ஓரளவு தெரிந்தவருக்கோ கட்டாய வரிசை சலிப்பைத் தரும். இருவருக்கும் ஒரே மெனுதான் என்பதால், கதவுகளைத் திறந்து வைத்து, பரிந்துரைக்கும் வழியைத் தெளிவாகக் காட்டுவதே சரி.

அலகுகளுக்கு 1 முதல் 6 வரை எண் இடுங்கள். ஒன்றே ஒன்றின் மேல் ‘இங்கே தொடங்குங்கள்’ என்ற அடையாளம் இருக்கட்டும். ஒவ்வோர் அலகின் கடைசித் திரையிலும் இரண்டே பட்டன்கள் போதும்: பரிந்துரைக்கும் அடுத்த அலகுக்கு ஒன்று, மெனுவுக்குத் திரும்ப ஒன்று.

தொடக்கத்தில் ஐந்து கேள்விகள் கொண்ட சிறு சோதனை வைத்தால் இன்னும் நல்லது. ‘பால்’ என்ற ஒலியைக் கேட்கவிட்டு பல், பால், வால், பாய் என்ற நான்கில் ஒன்றைத் தொடச் சொல்வது போன்ற கேள்விகள். இதன் முடிவு எதையும் பூட்டக் கூடாது. எழுத்து தெரிந்தவர் என்று தெரிந்தால் ‘இங்கே தொடங்குங்கள்’ அடையாளம் இரண்டாம் அலகுக்கு நகரும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதைத்தான் பூட்டலாம்?

சான்றிதழுக்கான தேர்வைப் பூட்டலாம். முந்தையது இல்லாமல் ஒரு வரிகூட விளங்காத பயிற்சியைப் பூட்டலாம். மற்றவற்றைத் திறந்தே வையுங்கள். ‘முன்னது படிக்காவிட்டால் கடினமாக இருக்கும்’ என்பது பூட்டுவதற்குக் காரணம் ஆகாது. மெனுவில் ஒரு குறிப்பு எழுதினால் போதும். உறவுமுறை அலகை எழுத்தே தெரியாதவரும் காதால் கேட்டுப் படிக்க முடியும். அதைப் பூட்டி வைத்தால், பாட்டியிடம் பேச ஆசைப்பட்டு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

பூட்டியதைச் சாம்பல் நிறமாக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ‘எழுத்துத் தேர்வில் 10-க்கு 7 பெற்றால் இது திறக்கும்’ என்று அதன் கீழேயே எழுதி, அந்தத் தேர்வுக்கு லிங்க்கும் கொடுங்கள்.

முதல் திரையில் எத்தனை உருப்படிகள் இருக்கலாம்? ஏழுக்கு மேல் கூடாது என்கிறார்களே?

அந்த ஏழு, ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஒரே நேரத்தில் எத்தனையை மனத்தில் வைத்திருக்க முடியும் என்பதைப் பற்றி அவர் எழுதினார். மெனு கண்முன்னே இருப்பதால் யாரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செல்பேசியில் ஒருமுறை உருட்டி முடிக்கும் அளவுக்குள் இருக்கிறதா, ஒன்றோடொன்று குழம்பாத பெயர்களா என்று பாருங்கள். பன்னிரண்டு தெளிவான பெயர்கள், மூன்று அடுக்குக்குள் ஒளித்து வைத்த நான்கு மங்கலான பெயர்களைவிட மேல். இரண்டு அடுக்குக்குக் கீழே போகாதீர்கள்.

அலகுகளுக்குப் பெயர் எப்படி வைப்பது? தமிழிலா, பிரெஞ்சிலா?

செய்யப் போகும் வேலையைப் பெயராக வையுங்கள். ‘வேற்றுமை உருபுகள்’ என்ற தலைப்பு ஆசிரியருக்குத்தான் விளங்கும். ‘போர்ட் லூயி சந்தையில் விலை கேட்பது’ என்றால் யாருக்கும் விளங்கும். இலக்கணப் பெயர் வேண்டுமானால் அலகுக்குள்ளே இருக்கட்டும்.

மொழியைப் பொறுத்தவரை இரண்டு வரிப் பட்டனை வலியுறுத்துகிறோம்: மேலே தமிழ், கீழே சற்றுச் சிறிய எழுத்தில் பிரெஞ்சு அல்லது கிரியோல். தமிழில் மட்டும் எழுதினால், படிக்கத் தெரியாததால் படிக்க வந்தவர் மெனுவையே படிக்க முடியாமல் நிற்பார். பிரெஞ்சில் மட்டும் எழுதினால், பாடம் முழுவதிலும் அதிகத் தடவை கண்ணில் படும் திரையில் தமிழ் இல்லாமல் போகும். இரண்டாம் வரியை மறைக்க ஒரு பட்டன் வையுங்கள். பாதிப் பாடம் தாண்டியவர்கள் அதை மறைத்துவிட்டுத் தமிழிலேயே போகலாம்.

தமிழ்ப் பெயர் நீளும். ஒரு பட்டனில் மூன்று நான்கு சொற்களுக்குள் முடியுங்கள். இரண்டு வரியாக மடிய இடம் விடுங்கள். மூன்று புள்ளி வைத்து வெட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், வேறுபடுத்திக் காட்டும் சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வரி உயரம் எழுத்தளவில் 1.6 மடங்காவது வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் உகர, ஊகாரச் சுழிகள் கீழ் வரியின் புள்ளியிலும் இகரக் குறியிலும் இடிக்கும்.

எழுத்து அலகில் 247 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு எப்படி மெனு போடுவது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் வகுப்புச் சுவரில் தொங்கும் 18-க்கு 12 அட்டவணையை அப்படியே திரையில் வைத்துவிடுகிறார்கள். 360 பிக்சல் அகலமுள்ள செல்பேசியில் பன்னிரண்டு பத்திகள் வைத்தால் ஒரு கட்டத்துக்கு 30 பிக்சல்கூடக் கிடைக்காது. கொ, கோ, கௌ மூன்றும் கட்டத்துக்கு வெளியே வழியும்; விரல் ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து திறக்கும்.

இரண்டு படியாகப் பிரியுங்கள். முதல் திரையில் மெய்யின் வரிசை 18 மட்டும். அவற்றை ஆறு பத்தி, மூன்று வரிசையாக அடுக்கினால் கணக்கு மிகச் சரியாக அமைகிறது: 48 பிக்சல் பட்டன் ஆறு சேர்ந்தால் 288, நடுவில் 8 பிக்சல் இடைவெளி ஐந்து சேர்ந்தால் 40, இரு ஓரமும் 16 வீதம் 32. ஆக 360. அந்த மூன்று வரிசைகளும் நம் இலக்கணமே பிரித்துக் கொடுத்தவை:

க ச ட த ப ற
ங ஞ ண ந ம ன
ய ர ல வ ழ ள

மேலே வல்லினம், நடுவில் மெல்லினம், கீழே இடையினம். முதல் இரண்டு வரிசைகளை மேலிருந்து கீழாகப் படித்தால் க ங, ச ஞ, ட ண, த ந, ப ம, ற ன என்று இன எழுத்துகள் இணை இணையாக நிற்கும். நெடுங்கணக்கு வரிசையில் மனப்பாடம் செய்தவர் ற, ன இரண்டையும் கடைசியில் தேடுவார் என்பதால், ஒவ்வொரு வரிசைக்கும் மேலே வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற பெயர்களைப் போட்டு வையுங்கள்.

ஒரு மெய்யைத் தொட்டதும் அதன் பன்னிரண்டு உயிர்மெய்களும் நான்கு பத்தி, மூன்று வரிசையாக விரியட்டும். இங்கே ஒரு பட்டனுக்கு 76 பிக்சல் அகலம் கிடைப்பதால் கௌ கூடத் தாராளமாக அடங்கும். உயிர் பன்னிரண்டுக்கும் ஆய்தத்துக்கும் மேலே தனிப் பட்டன். ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் கீழே தனி வரிசையில் வையுங்கள். மொரிசியஸ் என்று எழுதவே ஸ் வேண்டும், அதைத் தவிர்த்துவிட்டு நம் மாணவருக்கு ஊர்ப் பெயரோ சொந்தப் பெயரோ எழுதச் சொல்லிக் கொடுக்க முடியாது. ‘குழம்பும் எழுத்துகள்’ என்ற ஒரு நுழைவும் சேர்த்து, அதில் ல ள ழ, ர ற, ந ன ண ஆகியவற்றை ஒன்றாக ஒப்பிட்டுக் காட்டினால், எழுத்து தெரிந்தவரும் திரும்பத் திரும்ப வருவார்.

ஒவ்வோர் எழுத்துப் பட்டனுக்கும் மூன்று நிலை கொடுங்கள்: தொடாதது, ஒலி கேட்டது, சரியாக அடையாளம் கண்டது. கேட்டதும் தெரிந்துகொண்டதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே டிக் போட்டால், எல்லாம் முடிந்துவிட்டது என்று மெனு காட்டும், ஆனால் கற்பவருக்கு ஒரு சொல்லும் படிக்க வராது.

மெனுவில் தமிழ் எண்களைப் போடலாமா?

நம் மொரிசியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண் இருப்பதால் பலரும் ஆசையோடு கேட்கிறார்கள். வழிகாட்டும் எண்ணாக 1, 2, 3 என்றே இருக்கட்டும். தமிழ் எண்களைத் தேதி அலகில் ஒரு பயிற்சியாக, நோட்டைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கற்பியுங்கள்.

பவர்பாயிண்ட் மட்டும்தான் இருக்கிறது. அதில் செய்ய முடியுமா?

முடியும்.

1. இரண்டாம் ஸ்லைடை மெனுவாக வையுங்கள். ஒவ்வோர் அலகுக்கும் ஒரு செவ்வகம் வரைந்து, அதற்குள் பெயரை எழுதுங்கள்.
2. ஹைப்பர்லிங்க்கைச் செவ்வகத்துக்குக் கொடுங்கள், உள்ளே இருக்கும் எழுத்துக்குக் கொடுக்காதீர்கள். எழுத்துக்குக் கொடுத்தால் நிறம் மாறி அடிக்கோடு விழும். எழுத்தின் மேல் சரியாகத் தொட்டால்தான் வேலை செய்யும்.
3. ‘இந்த ஆவணத்தில் உள்ள இடம்’ என்பதைத் தேர்ந்து, அலகின் முதல் ஸ்லைடைக் காட்டுங்கள்.
4. ஸ்லைடு மாஸ்டரில் ‘மெனு’ பட்டனை ஒருமுறை வைத்தால் எல்லா ஸ்லைடிலும் ஒரே இடத்தில் வரும். ‘அடுத்து’, ‘முந்தைய’ பட்டன்களையும் அங்கேயே வைத்துவிடுங்கள்.
5. ஸ்லைடு ஷோ அமைப்பில் கியோஸ்க் முறையைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால், பட்டனுக்கு வெளியே கை பட்டாலும் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடும். கியோஸ்க் முறையில் நீங்கள் வைத்த பட்டன்கள் மட்டுமே வேலை செய்யும், ஆகவே பட்டன் இல்லாத ஸ்லைடு ஒன்று இருந்தால் கற்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு ஸ்லைடையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

பழைய கோப்புகளில் பாமினி போன்ற எழுத்துருக்கள் இருந்தால் முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் தட்டியது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான்; எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத செல்பேசியில் மெனு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

பவர்பாயிண்ட்டின் பெரிய குறை, மூடித் திறந்தால் யார் எதை முடித்தார் என்பது நினைவில் இருக்காது. டிக் அடையாளம் வேண்டுமென்றால் அடுத்த இரண்டு பதில்களைப் பாருங்கள்.

மூடுலில் (இணையத்தில் பாடம் நடத்தும் தளம், Moodle) எப்படி அமைப்பது?

ஒவ்வோர் அலகையும் ஒரு பிரிவாக வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பிரிவு என்ற அமைப்பைத் தேர்ந்தால் முதல் பக்கமே மெனுவாகிவிடும். 2022-இல் வந்த மூடுல் 4.0 முதல், பக்கவாட்டில் பாட அட்டவணையும் சேர்ந்து வருகிறது. முடித்தவற்றின் அடையாளம் அதில் தெரியும். பிரிவின் சுருக்கத்தில் நேரத்தையும் ‘முடித்தால் என்ன வரும்’ என்ற ஒரு வரியையும் எழுதிவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் நிறைவு நிபந்தனை வையுங்கள். ‘மாணவரே டிக் போட வேண்டும்’ என்ற நிபந்தனையை நம்பி அடுத்ததைப் பூட்டாதீர்கள். பாதிப் பேர் டிக் போட மறந்துவிட்டு, அடுத்தது திறக்கவில்லை என்று எழுதுவார்கள். தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பூட்டினால், மூடுல் விழுக்காட்டில் கேட்கும். 10-க்கு 7 என்றால் 70 என்று தட்டுங்கள், 7 என்று தட்டினால் ஒரே ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவருக்கும் திறந்துவிடும். நிபந்தனையின் பக்கத்தில் இருக்கும் கண் சின்னத்தைக் கவனியுங்கள். கண் மூடியிருந்தால் பூட்டிய உருப்படி முற்றிலும் மறைந்துவிடும், அப்படி ஒன்று இருப்பதே கற்பவருக்குத் தெரியாது. திறந்தே வையுங்கள்.

ஆசிரியர் கணக்கில் பார்த்தால் எந்தப் பூட்டும் வேலை செய்யாதது போலத் தெரியும், எல்லாம் திறந்திருக்கும். சோதிப்பதற்கென்றே ஒரு மாணவர் கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டோரிலைனில் (இணையப் பாடம் தயாரிக்கும் மென்பொருள், Storyline) செய்த மெனுவில் டிக் போட்டது மறைந்துவிடுகிறது. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

முதலாவது, மெனு ஸ்லைடின் அமைப்பு. மறுபடி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ‘தொடக்க நிலைக்கு மாற்று’ என்றிருந்தால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் டிக் அழியும். ‘சேமித்த நிலையிலிருந்து தொடர்’ என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, டிக் எப்போது விழுகிறது என்பது. ஸ்டோரிலைனில் தானாக வரும் ‘விசிட்டெட்’ நிலை, பட்டனைத் தொட்ட உடனே மாறிவிடும். உள்ளே போய் உடனே வெளியே வந்தாலும் முடித்ததாகக் காட்டும். அதை விட்டுவிட்டு, ஒவ்வோர் அலகுக்கும் ஆம்/இல்லை வகை மாறி (மதிப்பைச் சேமிக்கும் இடம், variable) ஒன்று வையுங்கள். அலகின் கடைசி ஸ்லைடு தொடங்கும்போது அது ‘ஆம்’ ஆகட்டும். மெனு ஸ்லைடு திறக்கும்போது அந்த மாறியைப் பார்த்துப் பட்டனின் நிலை மாறட்டும்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. ஸ்கார்ம் (SCORM) என்பது பாடத்தைப் பொதியாக்கி மூடுல் போன்ற தளங்களில் ஏற்றுவதற்கான தரநிலை. அதன் 1.2 பதிப்பில் கற்பவரின் நிலையைச் சேமிக்கும் சஸ்பெண்ட் டேட்டாவுக்கு 4,096 எழுத்துக்குறிகள்தான் இடம். பெரிய பாடத்தில் இது நிறைந்துவிட்டால், அதற்குப் பிறகு சேமிப்பது நடக்காது. கற்பவர் அடுத்த நாள் வந்தால் பழைய இடத்தில் நிற்பார். முதல் சில அலகுகளில் எல்லாம் சரியாக இருந்து, பின்பகுதியில் மட்டும் மறக்கிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்கார்ம் 2004-இன் மூன்றாம், நான்காம் பதிப்புகளில் 64,000 வரை இடம் உண்டு. ஆனால் மூடுல் ஸ்கார்ம் 2004-ஐ முழுமையாக ஆதரிப்பதில்லை. ஆகவே மூடுலில் ஏற்றுபவர்கள் சேமிக்கும் அளவைக் குறைப்பதே பாதுகாப்பான வழி. மெனு தவிர மற்ற ஸ்லைடுகளை ‘தொடக்க நிலைக்கு மாற்று’ என்று வைத்தால் கணிசமாகக் குறையும். நீங்களே நிரல் எழுதினால், எழுத்தின் பெயரைச் சேமிக்காமல் 0, 1, 2 என்ற இலக்கங்களை வரிசையாகச் சேமியுங்கள். 247 எழுத்துகளின் நிலையும் 247 குறிகளில் அடங்கிவிடும்.

இதோடு, ‘சேமித்து வெளியேறு’ என்ற பட்டனை மெனுவில் கட்டாயம் வையுங்கள். செல்பேசியில் விரலால் தள்ளி மூடிவிட்டால் கடைசியாகச் செய்தது பல நேரம் சேமிக்கப்படாது.

ஆளாளுக்கு ஒரு வழியில் போனால், ‘முடித்தார்’ என்று எப்படித் தீர்மானிப்பது?

‘ஆறில் எவையேனும் நான்கு’ என்பது நம் வகுப்புகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஸ்டோரிலைனில் ஓர் எண் மாறியை வைத்து அலகு முடியும்போதெல்லாம் ஒன்று கூட்டுவார்கள். அப்படிச் செய்தால் ஒரே அலகை நான்கு முறை முடித்தவரும் சான்றிதழ் வாங்கிவிடுவார். ‘இந்த அலகின் மாறி இன்னும் இல்லை என்றிருந்தால் மட்டும் ஒன்று கூட்டு’ என்ற நிபந்தனையைச் சேருங்கள். கூட்டிய பிறகே அந்த மாறி ‘ஆம்’ ஆக வேண்டும். இந்த இரண்டு கட்டளைகளும் இடம் மாறினால் எண்ணிக்கை எப்போதும் பூஜ்ஜியத்திலேயே நிற்கும்.

மூடுலில் மொத்த மதிப்பெண்ணை வைத்து இதைச் செய்ய முயல்வார்கள்: தேர்வுக்கு 10 வீதம் 60, அதில் 40 எடுத்தால் தேர்ச்சி. ஆறிலும் அரைகுறையாக ஏழு ஏழு வாங்கியவரும் இதில் தேறுவார். அது உங்களுக்குச் சம்மதமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

செல்பேசியில் மெனு எப்படி இருக்க வேண்டும்?

கணினியில் செய்து செல்பேசிக்குச் சுருக்காதீர்கள், செல்பேசியில் தொடங்குங்கள். தொடும் பரப்பு 48 பிக்சல். இணைய அணுகல்தன்மை நெறியின் 2.2 பதிப்பு குறைந்தபட்சம் 24 போதும் என்கிறது, ஆனால் அது கடைசி எல்லை. வயதானவர்களின் விரலுக்கு அது போதாது. மூன்று கோட்டுச் சின்னத்துக்குள் மெனுவை மறைப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. மறைத்தே ஆக வேண்டுமென்றால் சின்னத்தின் பக்கத்தில் ‘மெனு’ என்று எழுதுங்கள்.

புயல் நாட்களில் இணையம் இருக்காது. அப்போது?

நவம்பர் முதல் மே மாத நடுப்பகுதி வரை புயல் காலம் என்பதால் இது நம் நாட்டில் அரிதாக எழும் கேள்வி இல்லை. பள்ளி மூடி, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில்தான் பாடத்துக்கு நேரம் கிடைக்கும்.

மூடுல் செயலியில் பிரிவு பிரிவாகத் தரவிறக்கி வைக்கலாம். ஸ்கார்ம் 1.2 பொதிகளும் இணையம் இல்லாமல் ஓடும். இணையம் வந்ததும் முடிவுகள் சேரும். யூடியூப் காணொளியைப் பதித்திருந்தால் அந்த இடம் மட்டும் காலியாக நிற்கும், ஆகவே அலகின் மையமான பகுதியை அதில் வைக்காதீர்கள். மெனுவில் நேரத்தோடு அளவையும் எழுதுங்கள்: ‘6 நிமிடம், 3 எம்பி’. பேச்சுக்கு ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும், ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 கிலோபைட்தான் வரும். அலகுக்கு ஒரு பொதியாகப் பிரித்து ஏற்றுங்கள். ஆறு அலகும் ஒரே பொதியில் இருந்தால், கோயில் சொற்கள் மட்டும் வேண்டியவரும் முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும்.

பார்வை குறைந்தவர்கள், திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

முடித்தது பச்சை, முடிக்காதது சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். டிக் சின்னமும் ‘முடிந்தது’ என்ற சொல்லும் சேரட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5-க்கு 1, சின்னங்களுக்கு 3-க்கு 1. டேப் விசையால் மெனு முழுவதையும் சுற்றி வர முடிகிறதா, எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்பது கோடிட்டுத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு மொழிப் பட்டனில் ஒவ்வொரு வரிக்கும் அதனதன் மொழிக் குறியீட்டைத் தனியாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிரெஞ்சுக் குரல் தமிழ் வரியைப் படிக்க முயன்று, ஒன்று தவிர்த்துவிடும் அல்லது உளறும்.

சொற்பட்டியலுக்கு அகரவரிசை மெனு வைத்தோம். வரிசை தப்பாக வருகிறதே?

கணினி யூனிகோடு எண்ணை வைத்து வரிசைப்படுத்துகிறது. அந்த எண் வரிசை நம் அகராதி வரிசையோடு ஒத்துப்போவதில்லை. யூனிகோடில் ந-வை அடுத்து ன வரும், ர-வை அடுத்து ற வரும், ல-வை அடுத்து ள, ழ வந்து அதன் பிறகே வ வரும். இதனால் ‘கறி’ முன்னாலும் ‘கல்’ பின்னாலும் நிற்கும். புள்ளியின் எண்ணோ எல்லா எழுத்துகளுக்கும் உயிர்மெய்க் குறிகளுக்கும் பிந்தியது. ஆகவே ‘அக்கா’, ‘அகம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் போய்விடும். அகராதியில் ‘அக்கா’தான் முதலில்.

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண வரிசைப்படுத்தலுக்குப் பதிலாக இன்டல் கொலேட்டரை (Intl.Collator) தமிழ் மொழிக் குறியீட்டோடு பயன்படுத்தினால் சரியாகிவிடும். அந்த வசதி இல்லாத மென்பொருளில் ஒவ்வொரு சொல்லுக்கும் கையால் வரிசை எண் கொடுங்கள். இருநூறு முந்நூறு சொற்களுக்கு அது ஒரு மாலை நேர வேலைதான். கூடவே ரோமன் எழுத்தில் தேடும் பெட்டியும் வையுங்கள். கோயில் பாடல்களை ரோமன் எழுத்தில் படித்துப் பழகியவர்களுக்கு அகரவரிசையே இன்னும் தெரியாது.

வெளியிடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

திரையில் எதுவும் செய்வதற்கு முன்னால் காகிதத்தில் சோதியுங்கள். பாடத்தில் இருப்பவற்றை அட்டைகளில் எழுதிக் கற்பவர்களிடம் கொடுத்து, சேர்ந்திருக்க வேண்டியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சேர்க்கும் முறை உங்கள் பாடத்திட்டத்தோடு ஒத்துப்போகாவிட்டால், மெனுவில் அவர்கள் முறையையே பின்பற்றுங்கள்.

மெனு தயாரானதும், அலகின் பெயரிலுள்ள சொல்லைச் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுங்கள். ‘அம்மாவின் தம்பியை எப்படிக் கூப்பிடுவது என்று கண்டுபிடியுங்கள்.’ முதலில் எதைத் தொடுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், உதவி செய்யாதீர்கள். ஐந்தாறு பேரில் இரண்டு பேர் ஒரே தப்பான இடத்தைத் தொட்டால் பெயரை மாற்ற வேண்டும். ஆசிரியர்களை வைத்து இதைச் சோதிக்காதீர்கள், அவர்களுக்குப் பாடத்திட்டம் முன்பே தெரியும்.

பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய அலகு சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் சேமிக்கும் வரிசையில் அதை எப்போதும் கடைசியில் சேருங்கள். நிலைகளை 0, 1, 2 என்று வரிசையாகச் சேமித்திருந்தால், நடுவில் ஒன்றைச் செருகியதும் அதற்குப் பிந்திய எல்லா டிக்குகளும் ஓர் இடம் தள்ளிப் போகும். உறவுமுறையை முடித்தவருக்குக் கோயில் சொற்கள் முடிந்ததாகக் காட்டும். திரையில் எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரிலைன் பொதியை மாற்றி ஏற்றும்போது பழைய சேமிப்பு புதிய பொதிக்குப் பொருந்தாமல் போகலாம். பாதிப் பாடத்தில் நிற்கும் ஒரு சோதனை மாணவர் கணக்கை எப்போதும் தயாராக வைத்து, புதிய பொதியை முதலில் அந்தக் கணக்கில் திறந்து பாருங்கள். டிக்குகள் சரியாக இருந்தால் மற்றவர்களுக்குத் திறந்துவிடலாம். இல்லாவிட்டால் பழையதை அப்படியே விட்டு, புதிய அலகைத் தனிப் பொதியாக ஏற்றி மெனுவில் ஏழாவதாகச் சேர்த்துவிடுங்கள்.